கடலுக்குப் போன நீர்நாயும் மூன்று டீச்சர்களின் லீவும்

அன்று மாலை பாளையங்கோட்டையில் கிரேஸ் டீச்சர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கிரேஸ் டீச்சர், ஏரலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த முத்துலட்சுமி டீச்சர், மேலப்பாளையத்து ஆயிஷா டீச்சர், நான். வராதவர் ஒருவர், முக்கூடல் செல்வராணி டீச்சர். அவரால் வர முடியாததால்தான் மற்றவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்க அரை மணி நேரம் ஆயிற்று.

நான் செங்கம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் யு.கே.ஜி. வாத்தியார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அம்மா ஊரெல்லாம் 'எம் புள்ள வாத்தியாரு' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். எந்த வகுப்புக்கு என்று யாராவது கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவாள். திருநெல்வேலிப் பக்கம் மழலையர் பள்ளி ஆசிரியைகள் சிலர் ஒரு வட்டமாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள் என்று எங்கள் தலைமையாசிரியர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். "புதன், வியாழன், வெள்ளி மூணு நாள் இருந்து பார்த்துட்டு வாப்பா, நம்ம பக்கமும் ஆரம்பிச்சிடலாம்" என்று பணி நிமித்தமாக என்னை அனுப்பிவைத்தார். நானும் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். தலைவர் யார், எத்தனை உறுப்பினர்கள், கூட்டம் எந்தக் கிழமை.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

"எந்தக் கூட்டம்?" என்றார் கிரேஸ் டீச்சர்.

"உங்க வட்டத்தோட கூட்டம் மேடம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதாந் தம்பி வட்டம்," என்றார் ஆயிஷா டீச்சர். "இன்னும் ஒரு ஆளு உண்டு. அவங்களுக்குத் தொண்டை சரியில்ல."

தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இடையில் இடியாப்பம் வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஊற்றியதைத் தேங்காய்ப்பால் என்று நினைத்துச் சர்க்கரை வருமென்று காத்திருந்தேன். "சொதி ஆறுது, சாப்பிடுங்க" என்றார்கள். உள்ளே உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் இருந்தன. எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் என்றால் இனிக்கும். இங்கே காரம். வந்த முதல் வேளையிலேயே என் நாக்கும் குழம்பிவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். செல்வராணி டீச்சருக்குத் தொண்டையில் சின்னக் கட்டிபோல வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு வருவதுதான். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய பள்ளியின் தாளாளர் சொன்னது ஒன்றுதான். வகுப்பு நடந்தால் போதும், யார் எடுத்தால் என்ன; ஆனால் பெற்றவர்களில் ஒருவர் வந்து குறை சொன்னாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன். ஆகவே இந்த மூவரும் தங்கள் பள்ளிகளில் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, முறை வைத்து முக்கூடலுக்குப் போய் அவர் வகுப்பை எடுக்கிறார்கள். பதினைந்து பள்ளி நாளில் ஆறு நாள் ஓடியிருந்தது.

தன் லீவைப் போட்டுவிட்டு இன்னொருவர் பள்ளியில் வேலை செய்வதா? எனக்குப் புரியவில்லை. எங்கள் பள்ளியில் ஒருவர் லீவு போட்டால் அவர் பிள்ளைகளை என் வகுப்பில் கொண்டுவந்து திணிப்பார்கள். நான் முணுமுணுப்பேன். அதோடு சரி.

அந்த நேரத்தில் கிரேஸ் டீச்சரின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அவர் காலண்டர் தாளைப் பார்த்தார். "நாளைக்கு எம் முறை. எங்க பள்ளியில ஆய்வுக்கு ஆள் வாராங்களாம். லீவு கிடையாதுன்னுட்டாங்க."

மற்ற இருவருக்கும் முன்னறிவிப்பில்லாமல் நாளைக்கே விடுப்பு கிடைக்காது. பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பியும் யு.கே.ஜி. தானே எடுக்குது?" என்றார் முத்துலட்சுமி டீச்சர்.

நான் பார்க்க வந்தவன் என்று சொல்ல நினைத்தேன். வாய் "சரிங்க மேடம்" என்றது.

பாடத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கதையைப் பற்றித்தான் சொன்னார்கள். செல்வராணி டீச்சர் ஜூன் மாதத்தில் ஒரு கதை தொடங்கியிருக்கிறார். பாபநாசத்தில் அம்மாவைத் தொலைத்த ஒரு நீர்நாய்க் குட்டி ஆற்றோடு கீழே வந்துகொண்டிருக்கிறது. தினமும் கடைசி அரை மணி அந்தக் கதை. டீச்சர் மாறினாலும் கதை மாறாததால்தான் பிள்ளைகள் அழாமல் இருக்கிறார்கள். "இப்ப கோபாலசமுத்திரத்துப் படித்துறையில நிக்கு. பக்கத்துல ஒரு வாழைத்தோட்டம். அங்கனேருந்து எடுத்துக்கிடுங்க," என்றார் ஆயிஷா டீச்சர். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் கிடைத்த மகிழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். முக்கூடல் என்றதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "முக்கூடல் ஆத்துக்கு அந்தக் கரையிலலா இருக்கு. இந்த வண்டி இந்தக் கரையோட போகுது. யாரு ஏத்திவிட்டா?"

யாரும் ஏற்றிவிடவில்லை, நானே ஏறினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு முக்கில் இறக்கிவிட்டு, வாழையிலைக் கட்டோடு மொபெட்டில் நின்றவரிடம், "வே, இந்தத் தம்பிய அக்கரையில விட்டுரும். வாத்தியாராம்" என்றார்.

"வாத்தியாருக்கே வழி தெரியலியா? ஏறும்," என்றார் மொபெட்காரர். இலைக்கட்டுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து பாலத்தைக் கடந்தேன். தை மாதத்திலும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. எங்கள் பக்கத்து ஆற்றில் லாரித் தடம்தான் ஓடும். இரண்டு கரையிலும் நெல். இவ்வளவு தண்ணீரை யாரும் நின்று பார்க்காமல் போகிறார்களே என்று அதுவும் எனக்குப் புரியவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள். ஆண் டீச்சரை அவர்கள் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பெண், "டீச்சர் சார்" என்று கூப்பிட்டாள். அவள் பெயர் இசக்கி. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நாள் நன்றாகவே போனது. கடைசி அரை மணியில் கதை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு மனப்பாடம்: கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் வேண்டும், பிள்ளையை ஏக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஏழு மாதமாக ஒரு குட்டி அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. எனக்கே பொறுக்கவில்லை. முந்தைய நாள் இரவே கிரேஸ் டீச்சரின் மகனிடம் ஊர்ப் பெயர்களைக் கேட்டு வைத்திருந்தேன். கோபாலசமுத்திரத்திலிருந்து குட்டியைக் கிளப்பி, திருநெல்வேலி, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஒரே மூச்சில் நீந்தவைத்து, புன்னைக்காயலில் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே அம்மா நீர்நாய் காத்திருந்தது. இரண்டும் கட்டிக்கொண்டன. கதை முடிந்தது.

பிள்ளைகள் கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். தட்டவில்லை. இசக்கி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். பிறகு எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். வரிசையாக வந்து எனக்குக் கைகொடுத்தார்கள். "டாட்டா டீச்சர் சார்." இந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் செல்வராணி டீச்சரைப் பார்க்கப் போனேன். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. கையில் பிள்ளைகள் எழுதும் சிலேட்டு. சோறு போட்டார். போதும் என்று சொன்னால் எதிர்வார்த்தை பேச முடியாத ஒருவரிடம் எப்படி மறுப்பது? கை காட்டுவார், ஊற்றிவிடுவார். மூன்று முறை ரசம் வாங்கினேன்.

பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'குட்டி இப்போது எங்கே?'

"கடலுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு டீச்சர். அம்மாவையும் பார்த்துடுச்சு," என்றேன்.

சாக்பீஸ் நின்றுவிட்டது. அவர் கோபப்படவில்லை. எழுதியதைத் துடைத்துவிட்டுப் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதினார், துடைத்தார், எழுதினார். நாலு சிலேட்டுக்குப் பிறகுதான் எனக்கு முழுவதும் புரிந்தது.

ஒவ்வொரு படித்துறையிலும் குட்டி பல நாள் தங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆற்றோரம் ஒரு சொந்தக்காரர் ஊர் உண்டு. குட்டி அந்த ஊருக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளைதான் எழுந்து நின்று, அது அங்கே என்ன தின்றது, யாரைப் பார்த்தது என்று சொல்லும். வாய் திறக்காத பிள்ளையும் அன்றைக்குப் பேசிவிடும். பதினொரு பிள்ளைகளுக்கு இன்னும் முறை வரவில்லை. கடைசியாக எழுதியது இது: 'குட்டி கடலுக்குப் போகும் நாளில் நாம் டாட்டா சொல்லிப் பிரிவோம், நீங்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போவீர்கள் என்று ஜூன் மாதமே சொல்லியிருக்கிறேன்.'

செய்தி, முந்தைய நாள் என்னையும் சேர்த்திருந்த அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. கிரேஸ் டீச்சரின் குரல் பதிவு வந்தது. "கதைய முடிக்கக் கூடாதுன்னு தம்பிட்ட சொல்லணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாத்துக்கிடுங்க. முடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? சரி, பைய பாத்துக்கிடலாம்." 'பைய' என்றால் இங்கே மெதுவாக. ஆனால் அது ஆறுதலா, திட்டா? ஐந்து முறை கேட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். வாசலில் நான்கு தாய்மார்கள். "கிளாஸ் முடிஞ்சிட்டு, டீச்சர் டாட்டா சொல்லியாச்சுன்னு பிள்ளைங்க சொல்லுதுக. பீஸ் கட்டியிருக்கோம்லா, தை மாசத்துல எப்படி முடியும்?" தாளாளர் வெளியே வந்து கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"திங்கக்கிழமை இருபத்து மூணு பிள்ளையும் உக்காந்திருக்கணும். இல்லைன்னா அங்கன இருக்கவங்கதான் டீச்சர்," என்றார்.

அலுவலகத்துக்கு வெளியே நாற்காலியில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் ஆள் வரவழைத்துவிட்டார்கள்.

பத்து மணிக்குள் மூவரும் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முறை ஆயிஷா டீச்சருக்கு மட்டும்தான்; அவருடைய பஸ் தாமதமாகிவிட்டது. முத்துலட்சுமி டீச்சரும் கிரேஸ் டீச்சரும் இரவே தங்கள் பள்ளிகளில் கெஞ்சிக் கூத்தாடிக் கூடுதலாக லீவு வாங்கியிருந்தார்கள். கழுத்துத் துண்டோடு செல்வராணி டீச்சரும் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

முதலில் கிரேஸ் டீச்சர் செய்த காரியம் என்னை இன்னும் குழப்பியது. நேராக அந்த நாற்காலிப் பெண்ணிடம் போய், "எந்த ஊரும்மா? எங்கன படிச்ச? சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவள் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

"அவங்க இந்த வேலைக்கு வந்திருக்காங்க மேடம்," என்றேன், தெரியாமல் செய்கிறாரோ என்று.

"தெரியுது. நம்ம குழுவுல சேத்துட்டேன்."

"எதுக்கு?"

"அவளும் டீச்சர்தானே வே?" என்றார். ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் 'வே'யை ஒரு பெண் என்னிடம் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எட்டுப் பிள்ளைகளையும் ஆயாவிடம் விட்டுவிட்டு ஐந்து பேரும் தெருத்தெருவாகப் போனோம். வீட்டு வாசல்களில் பெண்கள் மடியில் முறம்போன்ற சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. வாய் மட்டும் பேசியது. பள்ளிக்கூடம் மூடவில்லை என்று சொன்னால் தாய்மார்கள் நம்பினார்கள். பிள்ளைகள் நம்பவில்லை.

அடுத்தது இசக்கி வீடு. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏட்டி, டீச்சர் வந்திருக்காங்க பாரு," என்றாள் அம்மா. "நேத்துலேருந்து ஒரே அழுகை. இவ மாமன் ஊரு ஸ்ரீவைகுண்டம். அங்கன குட்டி நிக்கவே இல்லியாம்."

முத்துலட்சுமி டீச்சர் என்னை முழங்கையால் தள்ளினார். நான் குனிந்து, "இசக்கி, கதை இன்னும் முடியலைம்மா" என்றேன்.

"பொய். கடலுக்குப் போயிட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது பொய் என்றால் வாத்தியார் பொய் சொன்னவன் ஆவான். சொன்னது மெய் என்றால் கதை முடிந்தது. ஆயிஷா டீச்சரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தந்திரமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். "கடலுக்குப் போச்சு. போயி அங்க என்னம்மா பண்ணும்?"

கதவு கொஞ்சம் நகர்ந்தது. பிறகு பாதி முகம் வந்தது.

"தாகம் எடுக்கும்லா?"

"எடுக்கும்."

"கடல் தண்ணி உப்புல்லா. எப்படிக் குடிக்கும்?"

"தெரியலையே."

"இதுகூடத் தெரியாதா? திரும்பித்தான் வரணும். அவுங்க அம்மையையும் கூட்டிக்கிட்டு ஆத்தோட மேல வரும்." முழு முகமும் வெளியே வந்தது. "எங்க மாமா ஊரு வழியாத்தான் வரணும். வேற வழி கிடையாது."

செல்வராணி டீச்சர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொள்வதற்குள் நல்ல சத்தமாகவே வந்துவிட்டது. தெருவில் நின்ற நாங்கள் எல்லோரும் உறைந்துபோனோம். பீடி சுற்றிக்கொண்டிருந்த கைகூட நின்றது. கிரேஸ் டீச்சர், "சிரிப்புக்கும் அதே தொண்டைதான் அக்கா" என்று மெதுவாகச் சொன்னார். செல்வராணி டீச்சர் கண்ணில் தண்ணீரோடு சிலேட்டில் எழுதினார். 'தெரியும்.'

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. இசக்கி எங்களுக்கு முன்னால் ஓடினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவளே சொன்னாள். "ஏலே, உப்புத் தண்ணி பிடிக்கலையாம். திரும்பி வருது. உங்க சித்தி ஊருக்கும் வரும், வா லே."

அன்று மாலை நான் ஊருக்கு ரயிலேறியிருக்க வேண்டும். திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று தெரியாமல் எப்படிப் போவது? தலைமையாசிரியருக்குப் போன் செய்து ஒரு நாள் லீவு கேட்டேன். "கூட்டம் நல்லா நடந்துச்சா?" என்றார். நடந்ததாகச் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை என்னை மணிமுத்தாறு அணைக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டாஞ்சோறு கட்டி எடுத்து வந்திருந்தார்கள். முருங்கைக்கீரையும் கத்திரிக்காயும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கியது. தண்ணீரைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். புன்னைக்காயலிலிருந்து மேலே வரும்போது எந்தப் படித்துறை முதலில், எந்தப் பிள்ளை முதலில் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நேரம் மூவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இதுதான் கூட்டமோ என்னவோ. நான் குறித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை முறை முத்துலட்சுமி டீச்சருக்கு. நான் பின்னால் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தாளாளர் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிவிட்டுப் போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது சம்மதமா ஏமாற்றமா என்று பிடிபடவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் இருப்பதாக ஆயிஷா டீச்சர் முந்தைய நாளே குழுவில் சொல்லியிருந்தார். அது கிடைத்ததா என்பது நான் கிளம்பும்வரை தெரியவில்லை.

கதை நேரம் வந்தது. "அம்மையும் குட்டியும் ரொம்பத் தாகத்தோட வருதுக. முதல்ல ஏரல். ஏரல்ல யாருக்கு ஆள் இருக்கு?" என்று முத்துலட்சுமி டீச்சர் கேட்டார். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வாயே திறக்காதவன் என்று சொல்லப்பட்ட ஒரு பையன் பைய எழுந்து நின்றான். அவன் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவனுடைய ஊர்.

நான் செய்தது தப்பா, இல்லை தப்பிலிருந்து ஏதோ ஒன்று வந்ததா என்று திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் வரும்வரை யோசித்தேன். அந்தச் சிரிப்பு தொண்டையைக் கெடுத்திருக்குமோ என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. கெடுக்கவில்லை. ஆனால் டாக்டர் எச்சரிக்கையாக இன்னும் மூன்று நாள் சேர்த்துவிட்டார். செல்வராணி டீச்சர் மாசி பிறந்த பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினார்.

அவர் திரும்பிய அன்று மாலை கிரேஸ் டீச்சர் குழுவில் ஒரு செய்தி போட்டார். குறையாகச் சொல்லவில்லை, இந்த வருஷத்தில் இனி யாரும் காய்ச்சலில் படுக்கக் கூடாது என்று சிரிப்பதற்காகத்தான். ஒருவருக்கு வருஷம் முழுவதற்கும் பன்னிரண்டு நாள்தான் தற்செயல் விடுப்பு. வருஷமோ இரண்டாம் மாதத்தில்தான் இருக்கிறது. அதில் முக்கூடலுக்காகப் போனது: கிரேஸ் டீச்சர் ஏழு, முத்துலட்சுமி டீச்சர் ஆறு, ஆயிஷா டீச்சர் ஆறு. அதன் கீழே, நான் கேட்காமலேயே, என் பெயரையும் எழுதி ஒன்று என்று போட்டிருந்தார். மொத்தம் இருபது நாள்.